சத்தம் போடவில்லை, மறுநாள் நன்றியும் சொன்னேன்: எனக்கு நடந்ததை என்னவென்று சொல்வது?

கேட்பவர்: ஆய்வு மாணவி

ஆய்வுப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். 19 நாட்களுக்கு முன் வெளியூரில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து நான்கு பேர் சென்றிருந்தோம். இரண்டாம் நாள் இரவு, மறுநாள் நான் வாசிக்க வேண்டிய கட்டுரையில் சில திருத்தங்கள் இருப்பதாகச் சொல்லி, எங்கள் மூத்த ஆய்வாளர் தம் அறைக்கு என்னை அழைத்தார். அவர் என் வழிகாட்டி அல்லர். ஆனால் என் தரவுகளில் பாதி அவர் பொறுப்பில் இருக்கும் கருவியிலிருந்து வருபவை. முதல் பத்து நிமிடம் கட்டுரையைப் பற்றித்தான் பேசினார். அதன் பிறகு நடந்ததை இங்கே விரிவாக எழுத என்னால் முடியவில்லை. நான் விரும்பாத ஒன்று என் உடலுக்கு நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நடந்ததை விட, நான் நடந்துகொண்ட விதம்தான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை, ஆனாலும் நான் எழுந்து ஓடவில்லை. சத்தம் போடவில்லை. ‘வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொன்னேனா, மனத்துக்குள் சொன்னேனா என்பதுகூட இன்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. திரைச்சீலையில் இருந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. மறுநாள் என் கட்டுரை முடிந்ததும் அவர் வாட்ஸ்அப்பில் பாராட்டி எழுதினார். நான் ‘மிக்க நன்றி சார், உங்கள் உதவியால்தான்’ என்று பதில் அனுப்பினேன். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, என் பேச்சை நானே நம்ப மறுக்கிறேன்.

இதைப் பாலியல் வன்முறை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? புகார் கொடுக்கும் துணிவு இப்போது இல்லை என்றால், உதவி கேட்டுப் போவதில் பொருள் உண்டா? அந்தச் செய்தியை அழித்துவிடலாமா?

பதில்: பழைய செவிலி

அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் கேட்கப் போவதில்லை. மருத்துவமனையிலும் சிகிச்சைக்குத் தேவையானதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது.

முதலில் அந்தத் திரைச்சீலைக் கோடுகளைப் பற்றிச் சொல்கிறேன். பேராபத்தில் உடல் மூன்று வழிகளில் ஒன்றைத் தானாகவே எடுக்கிறது: எதிர்த்து நிற்பது, தப்பி ஓடுவது, உறைந்துபோவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர் நாம் அல்லர். கை கால் அசையாது, குரல் எழும்பாது, மனம் மட்டும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும். சுவீடனின் ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்முறைக்குள்ளாகி ஒரு மாதத்துக்குள் அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவுக்கும், 48 விழுக்காட்டினர் மிகக் கடுமையான அளவுக்கும் இப்படி அசைவற்றுப் போயிருந்ததாகக் கூறினர். ஆகவே ‘ஏன் ஓடவில்லை’ என்ற கேள்வியை உங்களிடம் கேட்பவர், அது நீங்களாகவே இருந்தாலும், உடல் செயல்படும் விதம் தெரியாமல்தான் கேட்கிறார்.

நினைவு துண்டு துண்டாக இருப்பதும் அப்படித்தான். பேரச்சத்தில் மூளை ஒரு சிறு பொருளை ஆழமாகப் பதித்துக்கொண்டு, எது முன், எது பின் என்ற வரிசையைக் கைவிட்டுவிடக்கூடும். அதனால் சொல்வது பொய் என்று ஆகிவிடாது.

இனி உடல்நலம். 19 நாட்கள் கடந்துவிட்டதால் சில வாய்ப்புகள் முடிந்துவிட்டன. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நேரம் மிச்சமிருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்கலாம், அதிலும் முந்துவதே பயன். தடயங்களைச் சேகரிக்கவும் முதல் சில நாட்களே உகந்தவை; அதனால் முடிந்தால் குளிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போவதும், அன்று அணிந்திருந்த துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைப்பதும் நல்லது, ஏனெனில் பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டேன், துவைத்துவிட்டேன் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சிகிச்சைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

உங்கள் நிலையில் இன்னும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கருவுறும் வாய்ப்பு இருந்திருந்தால், நடந்த நாளிலிருந்து மூன்று வாரம் ஆன பிறகு செய்யும் பரிசோதனையை நம்பலாம். அது இந்த வாரமே வருகிறது. பாலியல் நோய்த்தொற்றுகளுக்கான பரிசோதனைகளில் சிலவற்றை இப்போதும், சிலவற்றைப் பல வாரங்கள் கழித்து மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்பார். பெண் மருத்துவர் வேண்டும் என்றும், உடன் ஒரு தோழி இருக்க வேண்டும் என்றும் தயங்காமல் கேளுங்கள். ஒரு பரிசோதனைக்குச் சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு மறுக்கலாம், பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். காவல்துறைக்குத் தகவல் தரும் கடமை மருத்துவமனைக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே விவரம் சொல்வதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதில்: வெயிலில் நடப்பவர்

நேராகச் சொல்லிவிடுகிறேன். இன்றே புகார் கொடுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் அடுத்த மாணவியிடமும் இதையே செய்வார், அந்தப் பொறுப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு. 19 நாட்கள் காத்திருந்ததே அதிகம்.

பதில்: குழுவில் இருந்தவர்

மேலே எழுதிய நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. அவருடைய தர்க்கத்தை ஏற்க முடியவில்லை. அடுத்தவருக்கு நடந்தால் அதன் பொறுப்பு அதைச் செய்தவருடையது, அவரைக் கண்டும் காணாமல் விட்ட நிறுவனத்துடையது. காயம் பட்டவர் தலையில் அந்த மூட்டையையும் ஏற்றக் கூடாது. இத்தனைக்கும், மிரட்டலுக்குப் பயந்து கொடுத்த புகார்களை விட, நிலைமையை அறிந்து தாமாக முடிவெடுத்துக் கொடுத்த புகார்களே விசாரணையில் தாக்குப்பிடித்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் உள் விசாரணைக் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அந்த அனுபவத்தில் உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

இதைப் பாலியல் வன்முறை என்று சொல்லலாமா? சட்டத்தில் எந்தச் செயலுக்கு என்ன பெயர் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை வழக்கறிஞரிடம் விடுங்கள். ஆனால் நடுவில் இருக்கும் கேள்வி எங்கும் ஒன்றே: நீங்கள் விரும்பி, அச்சமின்றி இசைந்தீர்களா? இசைவு என்பது மறுப்பு இல்லாத வெற்றிடம் அன்று. உங்கள் தரவும் கட்டுரையும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவர் அறையில் நீங்கள் மௌனமாக இருந்ததைச் சம்மதம் என்று அவர் படித்திருந்தால், தமக்குச் சாதகமாகத்தான் படித்திருக்கிறார். கட்டுரைத் திருத்தத்துக்காக அறைக்குப் போனது கட்டுரைத் திருத்தத்துக்கான இசைவு மட்டுமே.

இது கருத்தரங்குக்காகப் போன வெளியூரில், இரவில், விடுதியில் நடந்ததால் அது நிறுவனத்தின் பொறுப்புக்கு வெளியே என்று யாராவது சொல்லக்கூடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்டு 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190-ஆம் உடன்படிக்கை, பணி தொடர்பான பயணங்கள், பயிற்சிகள், நிகழ்வுகள், நிறுவனம் தரும் தங்குமிடம், கைபேசி வழித் தகவல் பரிமாற்றம் ஆகிய அனைத்தையும் பணி உலகின் பகுதியாகவே கொள்கிறது. ஒரே ஒரு முறை நடந்தாலும் அது வன்முறையே என்றும் அதில் இருக்கிறது. நிரந்தர ஊழியர்களை மட்டுமல்லாமல் பயிற்சியில் இருப்பவர்களையும், தன்னார்வலர்களையும், வேலைக்கு விண்ணப்பித்தவர்களையும்கூட அது காக்கிறது. உறுதி செய்து ஏற்ற நாடுகளையே அது சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆய்வு மாணவர் எந்த விதிக்குள் வருவார் என்பதையும் உங்கள் இடத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். ஆயினும் ‘இது எங்கள் வளாகத்தில் நடக்கவில்லையே’ என்ற கைகழுவலுக்கு உலக அளவில் மதிப்பில்லை என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி. அழிக்காதீர்கள். உங்களுக்கு எதிரானது என்று நீங்கள் நினைக்கும் அந்த வரியைத்தான் முதலில் பத்திரப்படுத்தச் சொல்வேன். அவருடைய கைபேசியில் அது எப்படியும் இருக்கும். விசாரணையில் அவர் அதை எடுத்து நீட்டும்போது உங்களிடம் இல்லாமற்போனால், அழித்தது ஏன் என்ற கேள்விதான் பெரிதாகும். எங்கள் குழுவுக்கு வந்த புகார்களில் சம்பவத்துக்குப் பிறகு மரியாதையான செய்தி எதுவும் அனுப்பப்படாதவை மிகக் குறைவு. மேலிருப்பவரோடு நாள்தோறும் வேலை செய்ய வேண்டியவர், பகை தெரியாமல் நடந்துகொள்வது தற்காப்பு. ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதை உங்கள் சொற்களிலேயே அங்கு சொன்னால் போதும்.

இன்றோ நாளையோ, புகார் என்ற எண்ணத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, நடந்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். நாள், நேரம், இடம், யார் எங்கே இருந்தார்கள், அவர் சொன்ன சொற்கள் நினைவிருந்தால் அப்படியே. நினைவில்லாத இடத்தில் ‘நினைவில்லை’ என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பின்னர் ஏதாவது நினைவுக்கு வந்தால் பழையதைத் திருத்தாமல், அன்றைய தேதியிட்டுக் கீழே சேருங்கள். அவர் அறைக்கு அழைத்த செய்தி, விடுதி முன்பதிவு, கருத்தரங்கு நிரல், அதன் பிறகு நீங்கள் யாரிடமாவது பேசியிருந்தால் அந்த உரையாடல், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனக் கணினியிலோ நிறுவன மின்னஞ்சலிலோ வேண்டாம், அந்தக் கணக்கை அவர்கள் ஒரே நாளில் மூடிவிட முடியும்.

புகாருக்குக் கால வரம்பு உண்டா என்று மட்டும் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள். பல நிறுவனங்களின் உள் விதிகளில் அது மாதக் கணக்கில்தான் இருக்கும், காவல்துறைக்கான வரம்பு வேறாக இருக்கும். பெயர் சொல்லாமலே கேட்கலாம். ‘நான் சொல்வதை நீங்கள் இரகசியமாக வைப்பீர்களா, அல்லது யாரிடமாவது தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டா’ என்பதே எந்த அதிகாரியிடமும், எந்த ஆலோசகரிடமும் உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்க மாட்டேன். புகார் என்று வந்துவிட்டால் எதிர்த்தரப்பு மறுக்கும், உங்கள் நடத்தையைத் தாக்கும், கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று வேடமிடும். அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997-இல் இந்த மூன்று படிகளையும் சேர்த்து ‘டார்வோ’ என்று பெயரிட்டார். நிறுவனமே ஆளைக் காப்பாற்றுவதற்காகப் பாதிக்கப்பட்டவரைக் கைவிடுவதற்கும் ‘நிறுவனத் துரோகம்’ என்று அவர் பெயர் தந்திருக்கிறார். முன்கூட்டியே தெரிந்திருந்தால், அது நடக்கும்போது ‘என்னிடம்தான் குறை’ என்று நினைக்க மாட்டீர்கள், அதற்காகவே சொன்னேன். ஆத்திரத்தில் அவர் பெயரைச் சமூக ஊடகத்தில் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்; பல நாடுகளில் அவதூறு வழக்கு வேகமாக வருகிறது.

பதில்: பணிமனைப் பழகுநர்

நான் ஆண். தொழிற்பயிற்சியின்போது மேற்பார்வையாளர் ஒருவர் எனக்கு இதைச் செய்தார். ஆண்களுக்கு நடந்தால் சொல்லுவதற்குச் சொல்லே இருப்பதில்லை, கேட்பவர் முதலில் சிரிக்கிறார். என் உடல் அன்று காட்டிய எதிர்வினையை வைத்தே, எனக்கும் விருப்பம் இருந்ததோ என்று நான்கு ஆண்டுகள் குழம்பினேன். தொடுகைக்கு உடல் தானாகக் காட்டும் எதிர்வினை வேறு, விருப்பம் வேறு என்பதை ஒரு மனநல ஆலோசகர்தான் எனக்கு விளக்கினார். நான் இன்றுவரை புகார் கொடுக்கவில்லை. ஆலோசகரிடம் போனது அந்த மேற்பார்வையாளருக்கு எதிராக எதையும் செய்யவில்லைதான். ஆனால் நான் மீண்டும் தூங்கினேன். ‘புகார் இல்லாமல் உதவி கேட்பதில் பொருள் உண்டா’ என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் தரக்கூடிய பதில் அவ்வளவுதான்.

கேட்டவர்: ஆய்வு மாணவி

செவிலியர் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. என் அறைத்தோழியிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை, விளக்கை அணைக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாளை மறுநாள் மருத்துவரிடம் அவளும் வருகிறாள்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறேன்; அந்தக் கருவி இருக்கும் அறையின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன். இது எவ்வளவு நாள் இருக்கும்? இரண்டாவது, அவரைத் தவிர்த்துக்கொண்டே என் ஆய்வை எப்படி முடிப்பது? புகார் கொடுக்காமல் இதை யாரிடமாவது கேட்க முடியுமா?

பதில்: பழைய செவிலி

முதல் சில வாரங்கள் திடுக்கிடுதலும், தவிர்த்தலும், கெட்ட கனவும் பெரும்பாலானோருக்கு வருபவை. பலருக்கு அவை மெல்லக் குறைகின்றன. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, அன்றாட வேலையைக் குலைத்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயா என்று மனநல மருத்துவர் பார்ப்பார். உங்களுக்கு அந்த எல்லை இன்னும் பதினோரு நாளில் வருகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அப்போதும் இப்படியே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையும் இதற்குப் பயன் தருபவை என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. நடந்ததை முதல் சந்திப்பிலேயே முழுவதுமாகச் சொல்லியாக வேண்டும் என்று வற்புறுத்துபவர் கிடைத்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே தோழியை எழுப்பிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், மறுநாள் காலைவரை பொறுக்க வேண்டாம்.

உங்கள் அறைத்தோழி செய்ததை ஒரு பாடமாகவே நடத்தலாம். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை.

பதில்: குழுவில் இருந்தவர்

கேட்க முடியும். பாதுகாப்பு ஏற்பாடும் புகாரும் வெவ்வேறு கோரிக்கைகள். பல நிறுவனங்களில் முறையான புகார் இல்லாமலே மாணவர் நல அலுவலரோ, துறையில் நீங்கள் நம்பும் ஒருவரோ ஏற்பாடு செய்து தர முடியும். உங்கள் வழிகாட்டி அவருக்கு நெருக்கமானவர் என்றால் அவரிடமிருந்து தொடங்க வேண்டாம்.

போகும்போது ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், வேண்டியதைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் நிலையில் நான் கேட்கக்கூடியவை: கருவியில் என் மாதிரிகளை ஆய்வக உதவியாளர் ஓட்டித் தர வேண்டும், அல்லது அவர் இல்லாத நேரத்தில் எனக்கு முன்பதிவு வேண்டும், இதுவரை எடுத்த தரவுகளின் முழுப் பிரதி எனக்கு இந்த வாரமே வேண்டும், என் மதிப்பீட்டுக் குழுவில் அவர் இருக்கக் கூடாது, ஆய்வுக் கால நீட்டிப்பு தேவைப்பட்டால் காரணத்தை ‘மருத்துவம்’ என்று மட்டும் பதிவு செய்ய வேண்டும். தரவுப் பிரதியை மட்டும் யாரிடமும் பேசுவதற்கு முன்பே, வழக்கமான வேலையைப் போல நீங்களே எடுத்துவிடுங்கள்.

சந்திப்பு முடிந்த அன்று மாலையே, ‘இன்று நாம் பேசியவை இவை, நீங்கள் செய்வதாகச் சொன்னவை இவை’ என்று மூன்று நான்கு வரியில் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் பிரதியை உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் தரப்பட்ட உறுதிமொழிகள் ஆறு மாதத்தில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கேட்டவர்: ஆய்வு மாணவி

தரவுகளை இன்று மதியமே பிரதி எடுத்துவிட்டேன். அவர் உணவுக்குப் போயிருந்த நேரம், தோழி அறை வாசலில் நின்றாள். அந்த வாட்ஸ்அப் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுதத் தொடங்கியிருக்கும் குறிப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன். குறிப்பு இதுவரை ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. இரண்டு இடங்களில் ‘நினைவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். புகாரைப் பற்றி மருத்துவரைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன்.